யாருக்கும் சொந்தமில்லாத ஃபோல்டர்

எங்கள் வீட்டில் பெருங்காய டப்பா எங்கே இருக்கிறது என்பது என் மனைவி சாவித்ரிக்கு மட்டும்தான் தெரியும். முப்பது வருடமாகச் செம்பாக்கத்தில் அதே வீடு, அதே சமையலறை, அதே அலமாரி. இருந்தாலும் அவள் இரண்டு நாள் ஊரில் இல்லையென்றால் எங்கள் ரசத்தில் பெருங்காயம் இருக்காது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒரு பொருள் இருக்கும் இடம் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அந்த வீட்டில் அவருக்கு ஒரு மரியாதை நிற்கும். ஊருக்குக் கிளம்பும்போதுகூட அவள் அந்த டப்பாவை எடுத்து முன்னால் வைத்துவிட்டுப் போனதில்லை. ரொம்ப நாள் கழித்துத்தான் நான் அதைக் கவனித்தேன்.

ஷீலா மேடம், உங்களுக்கு வேலை நிறைய இருக்கும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். தாம்பரத்தில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் சித்திரை மாதம் நடந்த சாவைப் பற்றி விசாரிக்க நிர்வாகம் உங்களை வெளியிலிருந்து அழைத்தது. நீங்களும் ஆறு வாரம் விசாரித்து இருபத்திரண்டு பக்கத்துக்கு அறிக்கை கொடுத்தீர்கள். என்னை இரண்டு முறை கூப்பிட்டுப் பேசினீர்கள். யக்ஞநாராயணன், கம்ப்யூட்டர் பிரிவு. உங்களுக்குச் சர்க்கரை இல்லாத காபி வேண்டுமென்று கேண்டீனுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேனே, அந்த ஆள். அறிக்கையை முழுதாகப் படித்தேன். நன்றாக எழுதியிருக்கிறீர்கள். பதினேழாம் பக்கம் மூன்றாம் பத்தியில் மட்டும் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

பிழையைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் தொழில் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், சமையலறைக்கு மேலே போகமாட்டேன்.

எங்கள் சர்வர் லினக்ஸில் ஓடுகிறது. அதில் இருக்கும் புரோகிராம்கள் எல்லாம் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே வைத்துக்கொள்வதில்லை. பொதுவான வேலைகளை லைப்ரரி என்ற தனிக் கோப்புகளில் வைத்திருப்பார்கள். சாம்பாருக்கும் ரசத்துக்கும் ஒரே பெருங்காய டப்பா மாதிரி. புரோகிராம் ஓட ஆரம்பித்ததும் தன் லைப்ரரியைத் தேடிக்கொண்டு போகும். முதலில் எந்த அலமாரி, அதில் இல்லையென்றால் அடுத்து எது என்று ஒரு வரிசை எழுதி வைத்திருக்கும். முதலில் எது கைக்குக் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொண்டு வந்துவிடும். இன்னொரு டப்பா இருக்கிறதா, அது இதைவிட நல்லதா என்றெல்லாம் பார்க்காது.

இந்த அலமாரிகளுக்குப் பொறுப்பு பேக்கேஜ் மேனேஜர் என்ற இன்னொரு புரோகிராம். புதிதாக வைப்பது, மாற்றுவது, எடுப்பது எல்லாம் அதன் வழியாகத்தான் நடக்க வேண்டும். எந்தக் கோப்பைக் காட்டி இது யாருடையது என்று கேட்டாலும் இன்ன பேக்கேஜுடையது என்று பதில் வரும். அதன் வழியாக வராமல் ஒரு மனிதன் தன் கையால் வைத்த கோப்பாக இருந்தால், இது யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லும். தப்பாகச் சொல்கிறது என்று சொல்லமுடியாது. அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

2015ஆம் வருடம் எங்கள் லேபுக்கு ஒரு பெரிய ரத்தப் பரிசோதனை இயந்திரம் வந்தது. இயந்திரம் சொல்லும் முடிவை வாங்கி, இது இன்னாருடையது என்று பெயரோடு சேர்த்து வைப்பதற்கு ஒரு லைப்ரரியும் கூடவே வந்தது. அந்த நவம்பரில் மாமனாரும் மருமகளும் ஒரே காலையில் ரத்தம் கொடுத்தார்கள். மாமனார் கர்ப்பமாக இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். எங்கள் சாம்பிள் எண் ஒன்பது இலக்கம். முதல் ஆறு அன்றைய தேதி, கடைசி மூன்று வரிசை எண். அந்த லைப்ரரி எட்டு இலக்கம்தான் படித்தது. ஒன்பதாவதை விட்டுவிட்டது. அதனால் நாற்பத்தேழாவது ஆளும் நாற்பத்தெட்டாவது ஆளும் அதற்கு ஒரே ஆள். வரிசைப்படி ரத்தம் போனால் குழப்பம் வராது, முதலில் வந்த முடிவு முதலில் நின்றவருக்குப் போய்விடும். அவசரம் என்று பின்னால் நின்றவரை முன்னால் விட்டால் மட்டும் அவருடைய முடிவு இவருக்கும், இவருடையது அவருக்கும் போகும்.

இயந்திரக் கம்பெனிக்கு மெயில் எழுதினேன். பதில் இல்லை. அந்த டிசம்பர் மழையில் முடிச்சூர் பக்கமெல்லாம் தண்ணீர் நின்று, வீட்டுக்குப் போக முடியாமல் நான்கு நாள் மருத்துவமனையிலேயே இருந்தபோது அந்த லைப்ரரியின் மூலநிரலை எடுத்து நானே திருத்தினேன். எட்டு என்று இருந்ததைப் பன்னிரண்டு ஆக்கினேன். அது ஒரு எண்தான். எந்த எண் என்று கண்டுபிடிப்பதில்தான் தொழில் இருக்கிறது. திருத்தியதைக் கம்பெனி வைத்த இடத்திலேயே வைத்தால் அடுத்த முறை பேக்கேஜ் மேனேஜர் புதிது போடும்போது என்னுடையதை அழித்துவிடும். அதனால் தனியாக ஒரு ஃபோல்டர் போட்டேன். என் பெயரின் இரண்டு ஆங்கில எழுத்தை வைத்து அதற்கு ஒய்.என். என்று பெயர் வைத்தேன். தேடும் வரிசையில் அந்த ஃபோல்டரை எல்லாவற்றுக்கும் முன்னால் எழுதினேன். அதன் பிறகு கம்பெனி பத்து முறை புதுப்பித்தது. பத்து முறையும் பழைய கோளாறோடுதான் வந்தது. என் ஃபோல்டர் முன்னால் நின்றதால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அப்போதிருந்த மேனேஜரிடம் சொன்னேன். அவர் "வெரி குட்" என்று சொல்லிவிட்டு, மழைத் தண்ணீர் ஜெனரேட்டர் அறைக்குள் வந்துவிட்டதா என்று கேட்டார். அந்த வருட ஆண்டுவிழாவில் சிறந்த ஊழியர் கேடயம் பார்க்கிங் சூப்பர்வைசருக்குப் போனது. நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒன்றுமில்லை.

இனி கோகிலவாணி. அவளைப் பற்றி நீங்கள் பத்தொன்பதாம் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படித்தேன். அவளுடைய அம்மா கன்னியம்மா எங்கள் மருத்துவமனையில் இருபது வருடமாகக் கூட்டித் துடைக்கிற வேலை. சர்வர் அறை வராந்தா அவளுடைய பொறுப்பு. பெண் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியபோது கன்னியம்மா என்னிடம்தான் வந்து கேட்டாள். பொத்தேரியில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று நான்தான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நான் ஜாதி பார்க்கிறவன் இல்லை. கன்னியம்மாவுக்கென்று எங்கள் வீட்டில் தனி டம்ளர் வைத்ததே கிடையாது. அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

அந்தப் பெண் படித்து, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் ஐந்து வருடம் இருந்துவிட்டு, அம்மாவுக்கு முட்டி வலி என்று வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை தேடினாள். இப்போதைய மேனேஜர் ஃபிரெடி அவளை எங்கள் பிரிவுக்குத் தலைமையாகக் கொண்டுவந்தார். எனக்கு ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது. இரண்டு வருடம் நீட்டிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்திருந்தேன். ஃபிரெடி என்னைக் கூப்பிட்டு, "நாராயணன், நீங்க அவளுக்கு எல்லாத்தையும் ஹேண்ட் ஓவர் பண்ணிடுங்க, அப்புறம் எக்ஸ்டென்ஷன் பத்திப் பேசலாம்" என்றார். எல்லாவற்றையும் கொடுத்துவிட்டவனுக்கு நீட்டிப்பு எதற்கு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கறிவேப்பிலையை எப்போது எடுத்துப் போடுவார்கள் என்று யாரும் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

கோகிலவாணி என்னிடம் மரியாதையாகத்தான் நடந்தாள். சார் என்றுதான் கூப்பிடுவாள், நான் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவாள். வேலையும் தெரியும். பழைய சர்வரில் கையால் வைத்தது ஒன்றும் இருக்கக்கூடாது, எல்லாம் பேக்கேஜ் மேனேஜர் கணக்கில் வர வேண்டும் என்பது அவள் கொள்கை. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத கோப்புகள் என்று நாற்பத்தொரு வரிக்கு ஒரு பட்டியல் எடுத்தாள். ஒவ்வொரு வரிக்கும் எதிரில் யார் வைத்தது, வேண்டுமா வேண்டாமா என்று நிரப்ப வேண்டும். பங்குனி மாத நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

முப்பது வரி வரைக்கும் ஒழுங்காகத்தான் சொன்னேன். எது எதற்கு என்று எனக்கு மனப்பாடம். முப்பத்தொன்றாவது வரியில் நிறுத்தினாள்.

"சார், இது என்னன்னே புரியல. ஒய்.என். னு ஒரு ஃபோல்டர். எல்லாத்துக்கும் முன்னாடி இதத்தான் தேடுது. உள்ள ஒரே ஒரு லைப்ரரி இருக்கு. ஒரு குறிப்புகூட எழுதி வைக்கல. யாரு சார் இந்த ஒய்.என்.?"

பத்து வருடமாக அந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் நம்புவீர்களா தெரியாது. ஆளே எதிரில் உட்கார்ந்திருக்கிறான். மருத்துவமனையில் எல்லாருக்கும் நான் நாராயணன் சார்தான், முழுப்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. இருந்தாலும் அவளுக்குப் படிக்கத் தாள் எழுதிக் கொடுத்தபோது கீழே முழுக் கையெழுத்துப் போட்டுத்தான் கொடுத்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே அடுத்ததைச் சொல்லிவிட்டாள். "யாரோ குப்பை மாதிரி போட்டுட்டுப் போயிருக்காங்க சார்."

குப்பையைப் பற்றிக் கன்னியம்மாவின் பெண்ணிடம் நான் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்று அந்த நிமிடம் மனதில் வந்தது. வந்தது என்றுதான் சொல்கிறேன். நான் அப்படி நினைக்கிறவன் இல்லை.

"முன்னாடி இருந்த கான்ட்ராக்ட் ஆளு யாராவது வெச்சிருப்பான்மா," என்றேன். "பழசு. எடுத்துடலாம்."

"ஷ்யூரா சார்? லேப் சாஃப்ட்வேர் இதத் தொட்டுட்டு இருக்கே."

"கம்பெனி பேக்கேஜ் இருக்கே, அத எடுத்துக்கும். அதுதானே கரெக்ட்டு."

அவள் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, "நீங்களே டிக் பண்ணிடுங்க சார்" என்றாள். கண்ணாடி வீட்டில் மறந்துவிட்டேன், நீயே போட்டுவிடு என்றேன். அவள் போட்டாள். கண்ணாடி என் சட்டைப் பையில் இருந்தது.

அறிக்கையின் பத்தொன்பதாம் பக்கத்தில், பட்டியலின் முப்பத்தொன்றாவது வரியை யாரையும் கலந்துகொள்ளாமல் கோகிலவாணியே நிரப்பியிருக்கிறாள், தான் கேட்டதாக அவள் சொல்வதற்கு எழுத்தில் சான்று இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சான்று இல்லைதான். நீங்கள் கண்ணால் கண்டதைத்தானே எழுத முடியும்.

எடுப்பதற்கு முன்னால் சோதனை செய்து பார்க்கலாம் என்று அவள்தான் சொன்னாள். நல்ல வழக்கம். லேபிலிருந்து இருபது பழைய சாம்பிள்களை வாங்கி, இயந்திரத்தில் வைத்துக் கொடுத்தது நான். ஒன்றிலிருந்து இருபது வரை வரிசை மாறாமல் வைத்தேன். இருபதும் சரியாக வந்தது. "சூப்பர் சார், தேங்க்ஸ்" என்றாள். அன்று மதியம் ஃபோல்டரை எடுத்துவிட்டாள். எனக்கு ஒரு கோபமும் இல்லை, மேடம்.

நான் நினைத்தது இதுதான். நாலு நாளில் யாருக்காவது கொழுப்பு அளவு மாறி வரும். லேபில் கத்துவார்கள். ஃபிரெடி கோகிலவாணியைக் கூப்பிட்டுக் கேட்பார், அவளுக்குப் பதில் தெரியாது. பிறகு என்னைக் கூப்பிடுவார்கள். ஒரு சின்ன அவமானம், அவ்வளவுதான் என் கணக்கு. உயிர் போகும் என்று நான் நினைக்கவில்லை என்று இந்த இடத்தில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். பின்னால் நின்றவரை முன்னால் விடுவது அவசரத்துக்கு மட்டும்தான். அப்படியென்றால் இந்தக் கோளாறு அவசரமாக வருகிறவர்களை மட்டும்தான் தொடும். அதை முதன்முதலில் கண்டுபிடித்தவன் நான். தெரியாது என்று நான் சொன்னால் என் தொழிலுக்கே அது மரியாதை இல்லை.

நாலு நாளில் ஒன்றும் நடக்கவில்லை. காரணம், நான்கு வருடம் முன்னால் கேஷுவாலிட்டியில் ஒரு சின்ன இயந்திரம் வாங்கி வைத்திருந்தார்கள். அவசர ரத்தமெல்லாம் அங்கேயே பார்த்துவிடுவார்கள், பெரிய இயந்திரத்துக்கு வராது. நான் காத்திருந்தேன். தினமும் லேப் வாசலைத் தாண்டித்தான் கேண்டீனுக்குப் போனேன். ஒருநாள் கோகிலவாணி எனக்கும் சேர்த்துச் சுண்டல் வாங்கி வந்து வைத்தாள். சாப்பிட்டேன்.

பத்தொன்பதாவது நாள், சித்திரை பிறந்த மறுநாள். காலை பத்து மணிக்கு அந்தச் சின்ன இயந்திரத்தைச் சர்வீஸுக்கு எடுத்துப் போக வண்டி வந்தது. வெளியே போகும் எந்தக் கருவிக்கும் எங்கள் பிரிவின் கையெழுத்து வேண்டும். கோகிலவாணி மீட்டிங்கில் இருந்தாள். கையெழுத்துப் போட்டவன் நான். இன்று அவசர ரத்தம் எங்கே போகும் என்று வண்டிக்காரரைக் கேட்கவில்லை. அவருக்கு எப்படித் தெரியும். எனக்குத் தெரியும்.

பதினோரு மணிக்கு முனிரத்தினம் வந்தார். கீழ்க்கட்டளைக்காரர், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், நாற்பத்தாறு வயது. சர்க்கரை ரொம்ப வருடமாக உண்டு. காலெல்லாம் தளர்ந்து போகிறது, நெஞ்சு கனமாக இருக்கிறது என்று மனைவி கிளியம்மாள் கூட்டி வந்திருந்தாள். ஆட்டோவை அவரேதான் ஓட்டி வந்தாராம். அவர் ரத்தம் அன்றைக்கு நாற்பத்தெட்டாம் எண். அவசரம் என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி மேலே லேபுக்கு அனுப்பினார்கள். நாற்பத்தேழு ரத்தினபாய் என்ற எழுபது வயது அம்மா, வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்தவர், ஒரு வியாதியும் இல்லை. நாற்பத்தெட்டை முன்னால் விட்டார்கள்.

அவர் ரத்தத்தில் பொட்டாசியம் 7.4. ஐந்தைத் தாண்டினாலே டாக்டர்கள் கவனிப்பார்கள், ஏழு என்றால் எந்த நிமிடமும் இதயம் நின்றுவிடலாம். அந்த 7.4 ரத்தினபாயின் பெயரில் போய் உட்கார்ந்தது. அந்த அம்மாவின் 4.2 முனிரத்தினத்துக்கு வந்தது. டாக்டர் பார்த்தார். எல்லாம் நார்மல், வெயிலில் வண்டி ஓட்டுகிற அசதி, வீட்டுக்குப் போய்ப் படுங்கள், நிறைய இளநீர் குடியுங்கள் என்றார். இளநீரில் பொட்டாசியம் நிறைய உண்டு. சித்திரை வெயிலில் யாருக்கும் யாரும் சொல்லுகிற யோசனைதான் அது.

கிளியம்மாள் மேடவாக்கம் சாலையில் வண்டியை நிறுத்தச் சொல்லி இரண்டு இளநீர் வாங்கிக் கொடுத்தாள். உங்கள் அறிக்கையில் ஆறாம் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாவதை அவர் வேண்டாம் என்றாராம், அவள்தான் கட்டாயப்படுத்தினாளாம். அந்தப் பகுதியை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை. இளநீர் என்னுடையது இல்லை, மேடம். அது டாக்டர் சொன்னது.

ரத்தினபாயைத் தூக்கிக்கொண்டு ஐ.சி.யு.வுக்கு ஓடினார்கள். அந்த அம்மா தனக்கு ஒன்றுமில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. ஊசி போடுவதற்கு முன் மறுபடி ரத்தம் எடுத்தார்கள், 4.1 என்று வந்தது. அப்படியென்றால் அந்த 7.4 யாருடையது என்று அப்போதுதான் கேட்டார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை. முனிரத்தினத்தின் செல்போனைக் கூப்பிட்டபோது மணி ஒன்றரை. எடுத்தது கிளியம்மாள். ஆட்டோ ஸ்டாண்டில் ஆட்கள் கூடியிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த ஒன்றரை மணிக்கு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தயிர் சாதமும் முதல்நாள் மாங்காய்ப் பச்சடி மீதியும். லேப் பக்கம் ஓடுகிற சத்தம் கேட்டது. டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பிறகு நடந்ததெல்லாம் நான் நினைத்தபடியே. கோகிலவாணிக்கு ஒன்றும் புரியவில்லை. ஃபிரெடி என்னைக் கூப்பிட்டார். பழைய பேக்கப்பில் தேடிப் பார்க்கிறேன் என்றேன். பத்து நிமிட வேலையை இரண்டு மணி நேரம் செய்தேன். பத்து நிமிடத்தில் செய்திருந்தால் மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் மாதிரி தெரிந்திருக்கும். அழித்த ஃபோல்டரைத் திரும்ப வைத்தேன். எல்லாம் சரியானது. ஃபிரெடி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் நீட்டிப்பு வந்தது, இரண்டு வருடம். கோகிலவாணியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கவனக்குறைவால் மரணம் என்று போலீஸில் வழக்கும் பதிவானது. அடுத்த மாதம் அவள் கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

கன்னியம்மா ஒருநாள் என் மேஜைக்கு வந்தாள். துடைப்பத்தைக் கதவுக்கு வெளியே சாய்த்து வைத்துவிட்டு வந்தாள்.

"சார், நீ ஒரு வார்த்த சொல்லு சார். வூட்ல அது சோறு துன்னாம சொவத்தப் பாத்துகினு குந்தினு கீது. நாராயணன் சார் எடுக்கச் சொன்னாரும்மா, அவர் சொன்னதாலதான் எடுத்தேன்னே சொல்லிகினு கீது. அத்தப் படிக்க வெச்சதே நீதான். நீ போய் அது தப்பா சொல்லுவியா இன்னா?"

"எனக்கு ஞாபகமே இல்லையேம்மா," என்றேன்.

"மறந்துருப்ப சார்," என்றாள். "வயசாவுதுல்ல. ஞாபகம் வந்தா சொல்லு." போகும்போது என் நாற்காலிக்குக் கீழே கிடந்த ஒரு காகிதத்தைக் குனிந்து எடுத்துக்கொண்டு போனாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அந்த இடத்தில் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

அத்தோடு முடிந்திருக்கும். நான் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. போன வாரம் உங்கள் அறிக்கையின் பிரதி வந்தது. பதினேழாம் பக்கம் வரைக்கும் நிம்மதியாகத்தான் படித்தேன். மூன்றாம் பத்தியை இங்கே எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம்.

"யாரென்று தெரியாத ஒரு முன்னாள் ஊழியர் பத்தாண்டுகளுக்கு முன் தன் கையால் செய்து வைத்த இந்தத் திருத்தம், எந்தப் பாராட்டையும் எதிர்பாராமல், இம்மருத்துவமனைக்கு வந்த பல்லாயிரம் நோயாளிகளைக் காத்து வந்திருக்கிறது. அவர் யாராக இருந்தாலும் இந்நிறுவனம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறது."

படித்ததும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சாவித்ரி கதவைத் தட்டி என்ன என்று கேட்டாள். பத்து வருடத்தில் ஒரு மனிதர் அதைப் புரிந்துகொண்டு எழுதியிருக்கிறார், அதுவும் என்ன அழகாக. ஆனால் எழுதியது எனக்கு இல்லை. யாரோ முன்னாள் ஊழியருக்கு. முன்பு பேக்கேஜ் மேனேஜர் சொன்னது யாருக்கும் சொந்தமில்லை என்று. இப்போது நீங்களும் அதையே சொல்லிவிட்டீர்கள். போன வாரம் இயந்திரக் கம்பெனியும் ஒருவழியாகத் தன் பேக்கேஜைத் திருத்தி அனுப்பிவிட்டது. எட்டு, பன்னிரண்டாகிவிட்டது. யார் கண்டுபிடித்தது என்று ஒரு வரி கிடையாது. என் ஃபோல்டருக்கு இனி அங்கே வேலையில்லை.

நாலு நாள் யோசித்தேன். சும்மா இருந்தால் நீட்டிப்பு இருக்கிறது, பென்ஷன் இருக்கிறது, காலையில் ஏரிக்கரையில் நடக்கலாம். சொன்னால் இது ஒன்றும் இருக்காது. கையில் வைத்துக்கொண்டு சொல்லமுடியாமல் இருப்பது ரொம்பக் கஷ்டம், மேடம். ஃபிரெடி என்னைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் இவருக்குத் தெரியாதே என்று இருக்கிறது.

அதனால் ஒத்துக்கொள்கிறேன். அந்த ஃபோல்டர் என்னுடையது. அது எதற்கு என்று தெரிந்தே எடுக்கச் சொன்னேன். அவசர இயந்திரம் வெளியே போகும் சீட்டில் தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். முனிரத்தினம் செத்தது அதனால்தான். சான்றாக, கம்பெனிக்கு நான் எழுதிய பழைய மெயிலையும், திருத்திய மூலநிரலையும், மழை நாளில் கணக்குப் போட்ட நோட்டின் நான்கு பக்கங்களையும் இதோடு வைத்திருக்கிறேன். நோட்டில் தண்ணீர்க் கறை இருக்கும், எழுத்து தெளிவாகவே தெரியும்.

நான் கேட்பது ஒன்றுதான். மூன்றாம் பத்தியில் "யாரென்று தெரியாத ஒரு முன்னாள் ஊழியர்" என்று இருப்பதை எடுத்துவிட்டு என் பெயரை, முழுப் பெயராக, போட்டுவிடுங்கள். மற்றபடி அறிக்கையில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை. பத்தொன்பதாம் பக்கத்தைத் தொட வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, ஃபோல்டரை எடுத்தது கோகிலவாணிதானே.